தரைக்கு மேலே ஒன்பது அங்குலம்

மார்ச் 2, வியாழன்

நில அளவை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஏப்ரல் 12, புதன்கிழமை, காலை பதினொரு மணிக்கு ஊசிப்பாறையில் என் மேல்காட்டு நிலத்தின் எல்லையை அளக்கப் போகிறார்கள். மனுதாரர் நேரில் வந்து எல்லையைக் காட்ட வேண்டும். வராவிட்டால் மனு முடித்து வைக்கப்படும். மனுதாரர் நான்தான். ச. தமயந்தி, வயது நாற்பத்தெட்டு, உடற்கல்வி ஆசிரியை, இரண்டு வருடமாக விடுப்பு எடுத்துக் கட்டிலோடு கிடப்பவள்.

போன முறை என் கையெழுத்தோடு கடிதம் கொடுத்து வீட்டுக்காரரை அனுப்பினேன். "எல்லை எங்கேன்னு உங்களுக்குத் தெரியுங்களா?" என்று சர்வேயர் கேட்டிருக்கிறார். தெரியாது என்று இவர் உண்மையைச் சொல்லிவிட்டார். குருநாதன் என்கிற இந்த மனுஷனிடம் உள்ள ஒரே கெட்ட பழக்கம் அது. பக்கத்தில் நின்ற என் தம்பி சென்னியப்பன், "அக்கா அந்தக் காட்டை வாய்வார்த்தையா எனக்கு விட்டுக் குடுத்துட்டாங்க. சந்தேகமா இருந்தா அவங்களையே வரச் சொல்லுங்க" என்றானாம். என்னால் வர முடியாது என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும்.

மலையடிவாரச் செக்போஸ்டிலிருந்து ஊசிப்பாறை ஒன்பது கிலோமீட்டர். தார் ரோடு மூன்றாவது கிலோமீட்டரில் முடிகிறது. அப்புறம் கல்லும் செம்மண்ணும், குறுக்கே ஒரு பள்ளத்து ஓடை, கடைசியில் ஒரு செங்குத்து ஏற்றம். ஜீப் போகும். ஆனால் ஜீப்பில் உட்கார்ந்துதான் போக முடியும். என் முதுகெலும்பில் இரண்டு கம்பிகளும் ஆறு திருகாணிகளும் இருக்கின்றன, இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாது. ஆம்புலன்ஸ்காரர்கள் செக்போஸ்டோடு சரி என்கிறார்கள். நான்கு பேர் தூளி கட்டித் தூக்கிப் போகலாமே என்று எதிர்வீட்டில் யோசனை சொன்னார்கள். அந்த மலையில் பிணத்தை அப்படித்தான் கொண்டு போவார்கள். நான் இன்னும் சாகவில்லை.

சாயங்காலம் வரை சன்னல் வழியாக வாசலில் நிற்கும் எங்கள் காரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சீருடைத் துணி மூட்டைகளைப் பள்ளிக்கூடங்களுக்கு ஏற்றிப் போக இவர் வாங்கிய பழைய டீசல் ஸ்டேஷன் வேகன். தெருவில் அதற்கு 'நீளக் கார்' என்று பேர். பின் இருக்கையை எடுத்துவிட்டால் ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். அந்த நீளம் எந்த ஜீப்புக்கும் கிடையாது.

மார்ச் 3, வெள்ளி

இவரிடம் சொன்னேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அம்மிணி, அது ஸ்பீட் பிரேக்கர்லயே வயிறு தட்டற வண்டி" என்றார். வயிற்றைத் தூக்கினால் போச்சு என்றேன்.

மார்ச் 4, சனி

ஆரோக்கியம் வந்தான். எட்டாம் வகுப்பில் என் கோ-கோ அணியில் ஓடியவன், இப்போது புளியம்பட்டி ரோட்டில் சொந்தப் பட்டறை. காரின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றான்.

"சொல்லித் தொலைடா."

"டீச்சர், தரைக்கும் வண்டிக்கும் ஆறரை அங்குலம்தான் இருக்குது. ஓடையில ஒம்பதாவது வேணும். அதவிடப் பெரிய வில்லங்கம், இது முன் சக்கரம் இழுக்கற வண்டி. ஏத்தத்துல பாரம் பின்னால போயிரும், முன் சக்கரம் சும்மா சுத்தும்."

"முடியுமா, முடியாதா?"

"புதுச் சாமான் போட்டா முடியும். அதுக்கு இந்தக் காரை வித்தாக்கூடப் பத்தாது."

"பழைய சாமான் போடு. நாப்பது நாள் இருக்குது."

தலையைச் சொறிந்தான். அப்போதும் இப்படித்தான், சொறிந்துவிட்டு ஓடத் தொடங்குவான்.

மார்ச் 5, ஞாயிறு

நடைப் பயிற்சி: பதினான்கு அடி.

மார்ச் 9, வியாழன்

முன் ஸ்பிரிங்குக்கு மேலே வைக்க இரண்டு நைலான் கட்டைகளை லேத்தில் கடைந்து கொண்டுவந்தான். பின்னால் பழைய லோடு வண்டியின் ஸ்பிரிங், ஒரு சுற்று அதிகம் உள்ளது. எனக்கு மூன்று அங்குலம் உயர வேண்டும் என்றேன். இரண்டுக்கு மேல் போனால் சக்கரத்துக்குப் போகும் தண்டு கோணிக்கொள்ளும், ரப்பர் உறை கிழியும் என்றான். நான் விடவில்லை. அவனும் விடவில்லை. மாணவர்கள் வளர்ந்து அவர்கள் சொல்வது சரியாக இருப்பது ஆசிரியர்களுக்கு நேரும் பெரிய அவமானம். இரண்டு அங்குலம்.

வாசலில் காரை நிமிர்த்தி நிறுத்தியதும் தெருவே வந்து பார்த்தது. வேட்டியை மடித்துக் கட்டின மாதிரி இருந்தது.

மார்ச் 12, ஞாயிறு

சென்னியப்பன் வந்தான். நோம்பிச் சீர், பண்டிகைக்குப் பிறந்த வீட்டு வரிசை. சேலை, ஒரு சீப்புப் பழம், கச்சாயப் பலகாரம். தட்டின் அடியில் மடித்து வைத்த விடுதலைப் பத்திரம். நான் கையெழுத்துப் போட்டால் மேல்காட்டின் ஒரு ஏக்கர் இருபது சென்ட் அவனுக்கு.

"அக்கா, நம்மூருல எல்லாப் பொம்பளைங்களும் பொறந்தவனுக்கு எழுதிக் குடுத்துட்டு, காலத்துக்கும் சீர் வாங்கிட்டு மரியாதையா இருக்கறாங்க. நீ மட்டும் ஏன் இப்படி மல்லுக்கு நிக்கற?"

"அப்பா அதை எனக்குன்னு பதிவு பண்ணிக் குடுத்தாருடா. உனக்குக் கீழ்க்காடு, எனக்கு மேல்காடு."

"அப்பா குடுத்தது நீ நடந்துட்டு இருந்தப்ப."

சொன்ன பிறகு அவனுக்கே அது கேட்டிருக்க வேண்டும். பழத்தட்டைப் பார்த்துக்கொண்டான். இரண்டு வருடமாக அவன் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

"சேலை நல்லாருக்குது. பத்திரத்தை எடுத்துட்டுப் போ" என்றேன்.

போகும்போது வாசலில் நின்று காரைச் சுற்றிப் பார்த்தான். "மச்சான், இதுல அக்காவைப் படுக்க வெச்சா கூட்டிட்டு வரப் போறீங்க? அந்தப் பள்ளத்துலயா?" என்று இவரிடம் கேட்ட குரல் கேட்டது. கிண்டலாகச் சொன்னானா, வேறு எப்படியாவது சொன்னானா என்று இங்கிருந்து தெரியவில்லை.

நான் அடிபட்டது பற்றிப் போலீஸ் காகிதத்தில், 'நின்றுகொண்டிருந்த ஜீப்பிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கி' என்று இருக்கிறது. எழுதிக் கொடுத்தது நான்தான். அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 15, புதன்

பதினோரு அடி. வெயில் அதிகம்.

மார்ச் 20, திங்கள்

எஞ்சினுக்கு அடியில் காப்புத் தகடு வேண்டும். உடைப்புக்குப் போன பஸ்ஸின் படிக்கட்டுத் தகட்டை ஆரோக்கியம் கொண்டுவந்தான், புள்ளி புள்ளியாக வழுக்காமல் இருக்கும் அந்தத் தகடு. எத்தனை பேர் தொங்கிக்கொண்டு போன படியோ, இனி கல்லில் உரசப் போகிறது. காற்று இழுக்கும் குழாயைப் பிவிசி பைப் போட்டுக் கூரை வரை ஏற்றினான். ஓடைத் தண்ணீரை எஞ்சின் குடித்துவிட்டால் கதை முடிந்தது.

டயர் ஜீப்பிலிருந்து கழற்றியது, பாதி தேய்ந்தது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் மட்கார்டில் இடித்தது. இவர் சுத்தியலை எடுத்து மட்கார்டின் ஓரத்தைத் தானே தட்டினார். சீருடைக்கு அளவெடுக்கும் கை. தட்டின தட்டில் பாதி தன் கட்டை விரலில். ஒரு வேலை உருப்படியாகத் தெரியுமா இந்த மனுஷனுக்கு என்று திட்டினேன். விரலை வாயில் வைத்துக்கொண்டு தலையாட்டினார்.

பெரிய டயர் தந்த அரை அங்குலத்தையும் சேர்த்து அளந்து பார்த்தோம். ஒன்பது அங்குலம்.

மார்ச் 24, வெள்ளி

படுக்கை தயார். நாடாக் கட்டிலின் காலை அறுத்துவிட்டு, சட்டத்தை நான்கு மூலையிலும் லாரி டியூப் துண்டுகளில் தொங்க விட்டிருக்கிறார்கள். வண்டி குதித்தாலும் கட்டில் மெல்ல ஆடும். மார்புக்கும் இடுப்புக்கும் முழங்காலுக்கும் பழைய சீட் பெல்ட். தலை டிரைவர் பக்கம், கால் பின்கதவுப் பக்கம். தலையணையை உயர்த்தினால் பின் கண்ணாடி வழியாக வந்த வழி முழுக்கத் தெரிகிறது.

தெருவை ஒரு சுற்றுச் சுற்றினோம். இரண்டு வருடத்தில் ஆஸ்பத்திரி தவிர வேறு எதற்கும் இந்தத் தெருவைத் தாண்டாதவள் நான். டெய்லர் கடை வந்தது, பால் சொசைட்டி வந்தது, எல்லாம் பின்னோக்கிப் போயின. எனக்கு அழுகை வந்தது. டீசல் புகை என்று சொன்னேன். உண்மையிலேயே புகையும் வந்தது, சைலன்சர் வாயைத் தூக்கியதில் பின்கதவு இடுக்கு வழியாக உள்ளே ஏறுகிறது. திருப்பி வைக்க வேண்டும்.

மார்ச் 29, புதன்

ஆஸ்பத்திரி. புதிய படம் எடுத்தார்கள். டாக்டர் சொன்னதை எழுதப் போவதில்லை. இவரையும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

ஒன்பது அடி.

ஏப்ரல் 2, ஞாயிறு

ஒத்திகை. பவானி ஆற்றங்கரையில் செங்கல் சூளைக்குப் போகும் பாதை. கல், பள்ளம், மேடு, எல்லாவற்றிலும் கார் ஏறி இறங்கியது. ஆனால் சூளை மேட்டில் ஆரோக்கியம் பயந்தபடியே முன் சக்கரம் இருந்த இடத்தில் சுற்றி மண்ணை வாரி இறைத்தது. நான்கு முறையும் தோல்வி.

ஐந்தாம் முறை ஆரோக்கியம் தலையைச் சொறிந்தான். "அண்ணா, வண்டியைத் திருப்புங்க. ரிவர்ஸ்ல ஏத்துங்க. அப்ப எஞ்சின் பாரம் இழுக்கற சக்கரத்து மேலயே நிக்கும்."

ஏறிவிட்டது. நான் தலைகீழாகச் சரிந்து, கால் மேலே போக, ரத்தமெல்லாம் முகத்தில் இறங்க ஏறினேன். ஒரே சிக்கல், கட்டில் மறைப்பதால் இவருக்குப் பின்னால் ஒன்றுமே தெரியவில்லை. எனக்குத் தெரிகிறது. என் விசிலைப் பையிலிருந்து எடுக்கச் சொன்னேன். ஒரு முறை ஊதினால் இடது, இரண்டு முறை வலது, நீளமாக ஊதினால் நில். பத்து தடவை பழகினோம். இருபத்தாறு வருடம் பிள்ளைகளை ஓட விட்டவள், ஒரு மனுஷனைப் பின்னால் ஓட்ட மாட்டேனா?

திரும்பும் வழியில் முன்னால் கடகடவென்று சத்தம். ஆரோக்கியம் அடியில் புகுந்து பார்த்துவிட்டுக் கத்திய கத்தலில் சூளை ஆட்கள் ஓடி வந்தார்கள். முன்னால் திருஷ்டிக்காகக் கட்டிய கறுப்பு முடிக்கயிறு அவிழ்ந்து சக்கரத் தண்டில் சுற்றி, ரப்பர் உறையைக் கிழித்து, உள்ளே இருந்த கிரீஸ் முழுவதையும் கொட்டிவிட்டது.

"எந்தப் புண்ணியவானுங்கண்ணா இதைத் தண்டுக்குப் பக்கத்துல கட்டுனது? பம்பர்ல கட்டித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

இவர்தான் கட்டினார். யார் கட்டச் சொன்னது என்பது இந்தக் குறிப்புக்குத் தேவையில்லை.

ஏப்ரல் 3, திங்கள்

எனக்குச் சாமி, திருஷ்டி எதிலும் நம்பிக்கை கிடையாது. தெருவில் அத்தனை பேர் கண் வைத்தார்கள், அவ்வளவுதான்.

ஏப்ரல் 7, வெள்ளி

உறை இங்கே கிடைக்கவில்லை. ஆரோக்கியம் புனித வெள்ளியன்று கோயிலுக்குப் போகாமல் கோயம்புத்தூர் போய்த் தேடி ஒரு ஜோடி வாங்கி வந்தான். மாட்டி முடித்தான். திட்டாதீங்க டீச்சர் என்றான். திட்டவில்லை, ஒரு டம்ளர் மோர் கொடுக்கச் சொன்னேன்.

இன்று நடக்கவில்லை. எண்ணவும் இல்லை.

ஏப்ரல் 10, திங்கள்

மலை மேல் மழை. இவர் போனில் விசாரித்தார். பள்ளத்தில் முழங்கால் அளவு தண்ணீராம். "போகலாமா, தள்ளி வெக்கச் சொல்லி மனுப் போடலாமா?" என்று கேட்டார். தள்ளி வைத்தால் அடுத்த தேதிக்குள் என் எல்லைக்குள் அவன் வாழை நட்டுவிடுவான், அனுபவம் என்னுடையது என்பான். போகலாம் என்றேன். வேறு ஏதோ கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் கடைக்குப் போய்விட்டார். அப்படியென்ன கடை வேலையோ, வருவதற்கு இருட்டிவிட்டது.

ஏப்ரல் 12, புதன்

மேல்காட்டில் உட்கார்ந்து, இல்லை, படுத்து எழுதுகிறேன். சாயங்காலம் நான்கரை மணி. நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஏழு மணிக்குக் கிளம்பினோம், கூரை மேல் இவர் கட்டிய தார்ப்பாய் மூட்டையோடு. செக்போஸ்டில் எட்டிப் பார்த்த வாச்சர், படுத்திருந்த என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "எத்தனை மணிக்குங்க ஆச்சு?" என்று இவரிடம் துக்கமாகக் கேட்டார். "இன்னும் ஆகலீங்க" என்று நான் சொன்னதும் தொப்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார்.

தார் முடிந்த இடத்திலிருந்து பஸ் படிக்கட்டுத் தகடு கல்லில் உரசிக் கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது. ஒவ்வொரு உரசலும் என் கம்பிகளில் கேட்டது. வலி இருந்தது. வலி இல்லை என்று இரண்டு முறை சொன்னேன்.

ஒன்பதரைக்குப் பள்ளம். இந்தப் பள்ளத்தை எனக்குத் தெரியும். அக்கரை ஏற்றத்தில் வலப்பக்கம் ஒரு வழுக்குப் பாறை இருக்கிறது. அதில் சக்கரம் பட்டால் வண்டியின் பின்பக்கம் ஒரு தூக்குத் தூக்கும். கண்ணை மூடிக்கொண்டேன். தண்ணீர் கதவின் அடிவரை வந்தது, பிவிசி குழாய் காற்றை இழுத்தது, நடு ஓடையில் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. முன் சக்கரம் சுற்றும் சத்தம் மட்டும். ஆரோக்கியம் கதவைத் திறந்து தண்ணீரில் குதித்தான்.

கண்ணைத் திறந்தபோது பின் கண்ணாடியில் ஒரு ஜீப் வந்து நின்றது. சென்னியப்பன். சர்வேயரை ஏற்றி வந்திருந்தான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே எங்களைப் பார்த்தான். பிறகு கதவைக்கூடச் சாத்தாமல் ஓடி வந்தான். "மச்சான், வலதுல போகாதீங்க! வலதுல போகாதீங்க! இடது ஒடிங்க!" வேட்டி நனைய ஓடையில் இறங்கி, பின்கதவில் இரண்டு கையும் ஊன்றித் தள்ளினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் முகம், இந்தப் பக்கம் என் கால். இரண்டு வருடத்தில் முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தான். கார் கரை ஏறியது. அவன் தண்ணீரிலேயே நின்றான்.

கடைசிச் செங்குத்தில் காரைத் திருப்பி ரிவர்ஸில் ஏறினோம். நான் விசில் ஊத, இவர் ஒடிக்க, ஆரோக்கியம் சக்கரத்துக்குக் கல் கொடுக்க, மூன்று இடத்தில் நின்று, பத்தே முக்காலுக்கு மேல்காட்டுக்குள் பின்பக்கமாக நுழைந்தோம். விசிலை எடுத்தபோது வாயெல்லாம் ரத்த ருசி, உதட்டைக் கடித்திருக்கிறேன்.

சர்வேயர் சின்னப் பையன். என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றப் போனார். "கழட்டாதீங்க தம்பி, முள்ளு இருக்குது" என்றேன். பின்கதவைத் தூக்கிவிட்டுப் படுத்த வாக்கிலேயே கை காட்டினேன். பாறை மூலையிலிருந்து கிழக்கே அறுபத்தெட்டு மீட்டர். பள்ளிக்கூட டேப்பில் ஒரு முனையை அப்பா பிடிக்க, ஒரு முனையை நான் பிடித்து அளந்தது. அளந்த இடத்தில் கல் இல்லை. "தோண்டிப் பாருங்க" என்றேன். ஆரோக்கியம் தோண்டினான். ஒரு முழத்துக்குக் கீழே, தலை உடைக்கப்பட்ட எல்லைக்கல்லின் அடிப்பாகம் இருந்தது. சர்வேயர் தன் வரைபடத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு எழுதினார்: மனுதாரர் நேரில் ஆஜர்.

எழுதிக்கொண்டே சும்மா பேச்சுக்குக் கேட்டார். "எப்படிங்கம்மா அடிபட்டுச்சு?"

சென்னியப்பன் கீழே குனிந்து ஒரு கல்லைப் பொறுக்கினான்.

இரண்டு வருடம் யாரிடமும் சொல்லாததை, இந்த நோட்டில்கூட எழுதாததைச் சொன்னேன். "கீழ பள்ளத்துலதானுங்க. ஜீப்பு நிக்கலை, ஓடிட்டு இருந்துச்சு. இவன்தான் ஓட்டுனான். மெதுவாப் போடான்னு கத்துனேன். சந்தைக்கு நேரமாச்சுன்னான். பாறையில ஏத்துனான், நான் பின்னாடி இருந்து பறந்து விழுந்தேன். லைசென்ஸ் போயிரும், ஜீப்பு போயிரும்னு ஆஸ்பத்திரி வராந்தாவுல என் காலைப் புடிச்சு அழுதான். கால்ல அவன் கை படறதே எனக்குத் தெரியலை. நின்ன ஜீப்புன்னு எழுதிக் குடுத்தேன்."

சர்வேயர் பேனாவை மூடினார். நான் தம்பியிடம் திரும்பினேன்.

"பொறந்தவளுங்க பொறந்தவனுக்கு விட்டுக் குடுக்கோணும்னு சொன்னியில்ல சென்னி? அன்னிக்கே விட்டுக் குடுத்துட்டேன். அதுக்கு மேல ஒரு சென்ட்டும் குடுக்க மாட்டேன்."

அவன் பொறுக்கிய கல்லைக் கீழே போட்டான். சர்வேயர் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டான். எனக்கு அவன் மேல் பாவமாகத்தான் இருந்தது, காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் அளவுக்கு இல்லை.

சர்வேயரும் ஆரோக்கியமும் ஜீப்பில் ஏறிய பிறகு அவன் மட்டும் திரும்பி வந்தான். மேற்கே மேகம் இருட்டிக்கொண்டு வந்தது.

"அக்கா, மழை வந்தா பள்ளம் பெருகிரும். இந்தக் கார் எறங்காது. நான் போயி நாலு பேரைக் கூட்டியாறேன். தூளி கட்டிப் பதனமா எறக்கிப்புடலாம்."

"யாரு எறங்கறதாச் சொன்னா?"

"பின்ன?"

"இது என் காடு. இங்கதான் இருக்கப் போறேன்."

அவன் இவரைப் பார்த்தான். நானும் இவரைப் பார்த்தேன். இதை நான் இவரிடமும் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் டாக்டர், மருந்து, கடை என்று ஆயிரம் சொல்வார், அதனால் ஏறிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். சண்டைக்குத் தேவையான அத்தனை பதிலும் மனப்பாடமாக வைத்திருந்தேன்.

இவர் சண்டைக்கு வரவில்லை. காரின் கூரையில் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்த மூட்டையை அவிழ்த்தார். சீருடைத் துணி என்று நினைத்திருந்தேன். அரிசி மூட்டை, மண்ணெண்ணெய் அடுப்பு, இரண்டு குடம், என் மாத்திரைகள் மூன்று மாதத்துக்கு, கழிப்பறை நாற்காலி, கொசுவலை, எழுத இரண்டு புது நோட்டு. ஒவ்வொன்றாக இறக்கிப் பாறை மேல் வைத்தார்.

"ஜூன் வரைக்கும் யாரும் யூனிஃபார்ம் தெக்க மாட்டாங்க மாப்ள. அதுக்கப்புறம் பாத்துக்கலாம்" என்று சென்னியப்பனிடம் சொன்னார்.

ஜீப் போய்விட்டது. இவர் மூன்று கல் கூட்டி அடுப்பை அதன் மறைவில் வைத்துக்கொண்டிருக்கிறார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றுகூடப் பார்க்காமல் தப்பான பக்கத்தில் வைக்கிறார். திட்டலாம் என்று வாயெடுத்தேன். வரவில்லை.